நத்தமேட்டை நிரவும் முன்

மடுகரைப் பக்கம் கரும்பு வெட்டி முடித்த கையோடு நிலத்தைச் சமப்படுத்த ஜேசிபி பேசுபவர்கள் உண்டு. ஒரு மூலை மேடாக நிற்கும். வாய்க்கால் தண்ணீர் அதில் ஏறாது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினால் நிலம் ஒரே மட்டமாகிவிடும், நடவுக்கும் வசதி, தண்ணீரும் மிச்சம். கணக்கு சரிதான். ஆனால் அந்த மேடு தானாக வந்ததா, ஆட்கள் குடியிருந்து வந்ததா என்பதை வண்டிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.

குடியிருந்து வரும் மேடு என்றால் என்ன? மண் சுவர் வீடு அதிகம் போனால் இரண்டு மூன்று தலைமுறை நிற்கும். மழையில் சுவர் கரைந்து விழும். விழுந்த மண்ணை யாரும் அள்ளிக் கொண்டுபோய் வெளியே கொட்டுவதில்லை. அதையே மிதித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். அடுப்புச் சாம்பல், மாட்டுக்கொட்டகைக் குப்பை, உடைந்த சட்டி, எலும்பு, உமி எல்லாம் அங்கேயே சேரும். இப்படிச் சில நூறு ஆண்டுகள் போனால் ஊர் இருக்கும் இடம் சுற்றியுள்ள வயலைவிட ஆள் உயரத்துக்கு மேலே வந்துவிடும். பிறகு ஒரு நாள் ஊர் காலியானால், கூரை போகும், சுவர் போகும், மேடு மட்டும் நிற்கும். நம்மவர்கள் அதை நத்தமேடு, திடல், ஊர்மேடு என்று இடத்துக்கு ஒரு பெயரில் சொல்வார்கள்.

பழைய இந்திய வருவாய்க் கணக்குகளில் ஆளில்லாத ஊருக்கு ஒரு பெயர் உண்டு: பேசிராக். பாரசீகச் சொல். விளக்கில்லாதது என்று பொருள். வரி கட்ட ஆளில்லை என்பதைச் சொல்ல வந்த ஏதோ ஒரு கணக்கர், மாலையில் விளக்கேற்ற ஆளில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் ஏறத்தாழ 6.4 லட்சம் கிராமங்களில் சுமார் 43 ஆயிரம் ஆளில்லாதவை என்றே பதிவாகியிருக்கின்றன. இவை எல்லாமே பாழடைந்தவை அல்ல. காடும் வெறும் வயலும் மட்டுமே உள்ள கிராமங்களும் இந்தக் கணக்கில் அடக்கம். ஆனாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

மேட்டை அடையாளம் காண்பது

முதலில் பெயரைக் கேளுங்கள். உங்கள் நிலத்துக்குப் பத்திரத்தில் எண் இருக்கும். புதுச்சேரிப் பத்திரங்களில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதாஸ்தர் எண்ணும் பிற்பாடு வந்த ரீசர்வே எண்ணும் சேர்ந்தே வரும். ஆனால் எண்ணில் ஊர் தெரியாது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அந்தத் துண்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதில்தான் தெரியும். வீடே இல்லாத வயலுக்கு நத்தம் என்றோ, திடல் என்றோ, ஏதாவது ஒரு பாக்கம், சேரி என்றோ பெயர் இருந்தால் நின்று கவனியுங்கள்.

அடுத்தது கோயில். சுற்றிலும் நெல் வயலாக இருக்கும், நடுவில் ஒரு வேப்பமரத்தடியில் அய்யனாரோ பிடாரியோ இருக்கும். பக்கத்தில் ஒரு வீடும் இருக்காது. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை மூன்று கல் தொலைவிலிருந்து ஒரு கூட்டம் வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போகும். குலதெய்வம் என்பார்கள். ஊரை விட்டுப் போன குடிகள் சாமியை விட்டுப் போகவில்லை என்றுதான் பல இடங்களில் அதற்கு அர்த்தம்.

மூன்றாவது மண். ஊர்மேட்டு மண் சாம்பல் பூத்துப் பொலபொலவென்று இருக்கும். பக்கத்து வயலின் களியோடு ஒட்டாது. உழவு ஓட்டிய பிறகு மழை பெய்து ஓய்ந்ததும் பாருங்கள். ஓட்டுத் துண்டுகள் கழுவிவிட்டது போல் மேலே கிடக்கும். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக இரண்டு நிறம் காட்டும் ஓடு கிடைத்தால் அது மிகப் பழையது. இரும்புக் காலம் வரை போகும். இன்றைய சூளைக் கல்லைவிடப் பெரிய, தட்டையான செங்கல் தட்டுப்பட்டாலும் அப்படித்தான். வட்டமான சுடுமண் வளையம் வரப்பு ஓரத்தில் தலைகாட்டினால் அது உறைகிணறாக இருக்கலாம்.

நான்காவது அடையாளத்தை வேளாண் துறையே உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. மண் வள அட்டைதான் அது. மனிதரும் மாடும் நெடுநாள் இருந்த இடத்தில் எலும்பும் சாணமும் சாம்பலும் சேர்ந்து மணிச்சத்து ஏறிவிடும். தழைச்சத்து கரைந்து போகும், ஆவியாகவும் போகும். மணிச்சத்து அப்படி இல்லை. சுண்ணாம்போடும் இரும்போடும் கட்டிக்கொண்டு போட்ட இடத்திலேயே நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். சுவீடன் நாட்டு மண்ணியலாளர் ஓலோஃப் அர்ரேனியஸ் 1920-களின் இறுதியில் அங்குள்ள சர்க்கரை நிறுவனத்துக்காகக் கிழங்கு வயல்களின் மண்ணைச் சோதித்துக்கொண்டு போனார். சில இடங்களில் காரணமில்லாமல் மணிச்சத்து எகிறியது. பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டால், அங்கெல்லாம் முன்பு குடியிருப்பு இருந்திருந்தது. இன்று உலகெங்கும் தொல்லியலாளர்கள் மறைந்த ஊர்களைத் தேட இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒரே நிலத்தில் மேட்டு மூலைக்குத் தனியாக, பள்ளத்துக்குத் தனியாக மண் மாதிரி எடுங்கள். குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்வார்கள். மேட்டில் மணிச்சத்து மிக அதிகமாக வந்தால், டிஏபி செலவு அந்த மூலைக்குக் குறையும் என்பது ஒரு லாபம். கீழே என்ன இருக்கிறது என்ற துப்பு இன்னொரு லாபம்.

இந்தச் சத்துதான் ஊர்மேட்டுக்கு எமனும்கூட. எகிப்தில் பழைய நகரங்களின் மண் சுவர் கரைந்த மேடுகளை உழவர்கள் செபாக் என்ற பெயரில் எருவாக வெட்டி வயலுக்கு அடித்தார்கள். மேடு மேடாகப் போயிற்று. 1887-இல் அமர்னாவில் அப்படி மண் எடுக்கப் போன ஒரு பெண்ணின் கையில்தான், மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசர்களின் களிமண் கடிதங்கள் அகப்பட்டன என்று சொல்வார்கள். அவர் கண்டது கிடைத்தது. யாரும் காணாமல் வயலில் கரைந்துபோனது எவ்வளவோ. நம் பக்கம் மண்வெட்டியால் வெட்டி மாட்டு வண்டியில் அடித்த காலத்தில் ஒரு மேடு கரைய ஒரு தலைமுறை ஆனது. ஜேசிபிக்கு ஒரு பிற்பகல் போதும்.

ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு பாடம்

மடுகரையிலிருந்து வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரப் பயணத்தில் அரிக்கன்மேட்டுக்குப் போய்விடலாம். புதுச்சேரிக்குத் தெற்கே 4 கிலோமீட்டர், அரியாங்குப்பம் கொம்யூன், காக்காயன்தோப்பு. போய்ப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மரத் தோப்பு, ஆறு, பாசி பிடித்த இரண்டு செங்கல் சுவர். அந்தச் சுவரும் பழந்தமிழர் கட்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மடத்தின் இடிபாடு. பழையது எல்லாம் காலுக்குக் கீழே இருக்கிறது. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள்.

இந்த மேட்டைப் பற்றி முற்காலத்தில் எழுதிய வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் வானியலாளர். கியோம் லெ ஜாந்தி என்று பெயர். சூரியனை வெள்ளிக் கோள் கடந்து போவதை 1769 ஜூனில் பார்ப்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. வானத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை; பூமியில் கிடைத்தது. ஆற்றங்கரையில் பெரிய பெரிய செங்கற்களும் பழைய கிணறுகளும் இருப்பதைக் குறித்து வைத்தார். அதற்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1937-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய், மணல்மேட்டில் சிறுவர்கள் பொறுக்கி விளையாடிய மணிகளையும் கற்களையும் பார்த்து இது சாதாரண இடமில்லை என்று புரிந்துகொண்டார். 1945-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்டிமர் வீலர் தோண்டினார். 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமனும் மறுபடி தோண்டினார்கள்.

இத்தாலியச் சிவப்புத் தட்டு, மது வந்த இரண்டு கைப்பிடிச் சாடி, கண்ணாடி மணி, தமிழ் எழுத்துப் பொறித்த ஓடு என்று கிடைத்தவற்றைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கிரேக்க மாலுமிகள் பொதுகே என்று குறித்த துறைமுகம் இதுதான் என்பது பெரும்பாலோர் கருத்து. அதை விடுங்கள். விவசாயி கண்ணோடு பார்க்க வேண்டியது வேறு.

வீலர் அங்கே தேடியது காலக் கணக்கை. இத்தாலித் தட்டு எந்தப் பத்தாண்டில் செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் தெரியும். அந்தத் தட்டு கிடந்த அதே மண் அடுக்கில் கிடந்த நம்மூர்ச் சட்டிக்கும் அதே காலம். இப்படி ஒரு சட்டிக்கு வயது தெரிந்தால், அதே மாதிரிச் சட்டி கிடைக்கும் தென்னிந்திய ஊர்களுக்கெல்லாம் வயது சொல்லலாம். அரிக்கன்மேட்டின் பெருமை தங்கத்தில் இல்லை, அடுக்கு கலையாமல் இருந்ததில் இருக்கிறது. மேலே இருப்பது பிந்தியது, கீழே இருப்பது முந்தியது. இந்த ஒரு வரிசை கலைந்தால் ஓடு வெறும் ஓடுதான். ரொட்டவேட்டர் அரை அடி கலக்கும். அதனால் பெரிய மோசமில்லை, மேல் அடுக்கு ஏற்கெனவே கலங்கியதுதான். ஜேசிபி வாளி ஐந்தடியை ஒரே மூச்சில் புரட்டிப் பள்ளத்தில் கொட்டுகிறது. பயிர் வைப்பதால் மேடு சாகாது, நிரவுவதால்தான் சாகும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மேட்டைக் காப்பது என்றால் சாகுபடியை விட வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரிக்கன்மேட்டுக்கு வந்த பெரிய சேதமும் நம் கையால் வந்ததுதான். சுட்ட செங்கல் சும்மா கிடக்கிறதே என்று சுற்று வட்டாரத்தார் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். வீலர் தோண்டும்போது பல இடங்களில் சுவர் இல்லை, சுவர் பிடுங்கிய பள்ளம்தான் இருந்தது. மிச்சத்தை ஆறு அரித்தது. அரிக்கும் மேடு என்பதுதான் அரிக்கன்மேடு ஆயிற்று என்று ஒரு விளக்கமும், அருகன் மேடு என்று இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். கரையைப் பார்த்தவர்களுக்கு முதல் விளக்கம்தான் பிடிக்கும்.

கிணறு சொல்லும் கணக்கு

அங்கே கிடைத்தவற்றில் நம் பிழைப்போடு நேரடியாகத் தொடர்புள்ளது உறைகிணறு. சுடுமண்ணில் வளையம் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மணல் சரியாமல் காத்துத் தண்ணீர் எடுத்த கிணறு. கீழடியில் பள்ளிச்சந்தைத் திடலின் தென்னந்தோப்பில் 2015 முதல் தோண்டியபோதும் இதே உறைகிணறு வந்தது. எங்கே உறைகிணறு அகப்பட்டாலும் அதன் அடி உறை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். அந்தக் கால நீர்மட்டம் அதற்குச் சற்று மேலே இருந்திருக்கிறது என்று அர்த்தம். கையால் தோண்டி, கையால் இறக்கியது. சில ஆள் ஆழத்துக்கு மேல் போகாது. அரிக்கன்மேட்டில் கீழ் அடுக்குகள் இன்றைய நீர்மட்டத்துக்கும் கீழே போய்விட்டதால் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டியிருந்தது. கடலோர ஆறு அல்லவா.

இப்போது உங்கள் போர்வெல்லின் ஆழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பகுதியில் குழாய் இறக்கினால் தானாகப் பொங்கி வழிந்த ஆர்ட்டீசியன் ஊற்றுகள் இருந்தன. அதைப் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் பாகூர்ப் பக்கம் இருப்பார்கள். இன்று மோட்டாரை இன்னும் கீழே இறக்கலாமா என்று பேசுகிறோம், கடலோரக் கிராமங்களில் உப்பு ஏறிய தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். பழைய ஊர்மேட்டின் கிணறு என்பது நீர்மட்டத்துக்கு யாரோ போட்டு வைத்த அளவுகோல். அதை உடைத்து நிரவிவிட்டால், எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது.

நின்ற ஊர் ஒன்றையும் பார்க்க வேண்டும். பாகூரில் கிடைத்த செப்பேடு பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தது, 9-ஆம் நூற்றாண்டு. பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதைச் சொல்கிறது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. இந்தப் பெயர்களைச் சொல்லி வழி கேட்டால் எத்தனை பேர் கை காட்டுவார்கள்? ஆனால் பாகூர் என்று சொன்னால் பேருந்து நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு ஊர் பெயரோடும் குடியோடும் நிற்க ஏரி ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் அந்த ஏரியை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் தங்கள் பொருளைப் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்பது செவிவழிக் கதை. கதை எப்படியோ, வாய்க்காலை ஆண்டுதோறும் தூர் எடுத்தவர்கள் கதையில்லை. புதுச்சேரிப் பகுதியில் கணக்கில் உள்ள ஏரிகள் 84. ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஊர் நிற்கிறது.

ஊர் காலியாவது பழைய சங்கதி என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்தில் மீனாட்சிபுரம் என்று ஒரு கிராமம். குடிதண்ணீர் இல்லாமல் குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். கடைசியில் ஒரே ஒரு முதியவர் மட்டும் பல ஆண்டுகள் தனியாக இருந்தார். 2024-இல் அவரும் இறந்துபோனார். படையெடுப்பு இல்லை, கொள்ளைநோய் இல்லை. வீடுகள் நின்றன, கோயிலும் நின்றது, தண்ணீர்தான் இல்லை. இன்னும் சில மழைக்காலம் போனால் அங்கேயும் ஒரு மேடு உருவாகத் தொடங்கிவிடும். பழைய மேடுகள் எப்படித் தொடங்கியிருக்கும் என்பதற்கு இதைவிடக் கண்ணெதிர் உதாரணம் வேண்டியதில்லை.

என்ன செய்யலாம், எதற்குப் பயப்பட வேண்டாம்

நிலம் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் கிடைத்ததை மறைக்கிறார்கள். கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஓடு கிடைத்த நிலமெல்லாம் பாதுகாக்கப்பட்ட இடம் ஆகிவிடாது. மத்திய அரசு முறைப்படி அறிவித்த நினைவுச் சின்னத்துக்குத்தான், 2010 திருத்தச் சட்டப்படி, சுற்றி 100 மீட்டரில் புதுக் கட்டடத்துக்குத் தடையும் அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கும் கட்டாயமும். கீழடியில் பட்டா நிலங்களில் உரிமையாளர் சம்மதத்தோடுதான் குழி போட்டார்கள். தொடக்க கட்டங்களில் தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடினார்கள்.

காசு, நகை மாதிரி ஏதாவது கிடைத்தால் சங்கதி வேறு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய். சட்டத்தில் அப்படியே நிற்கிறது. உரிமை கோர யாரும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது அந்தச் சட்டத்தின் பொது விதி. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், வழக்கும் வரும். பழம்பொருள் வாங்க வருகிறவர் கொடுக்கும் சில நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நிலத்தைச் சமப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் மேட்டை விட்டுவிட்டு மற்றதைச் சமப்படுத்துங்கள். தண்ணீர் ஏறாத மூலைக்கு நெல்லும் கரும்பும் எதற்கு? மானாவாரியாக எள், உளுந்து வைக்கலாம். களத்துமேடாக வைத்துக்கொள்ளலாம். வைக்கோல் போர் போட மழைத்தண்ணீர் தேங்காத இடம் வேண்டாமா? மரம் வைப்பதானால் ஆழக் குழி எடுக்கும் தென்னையை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். சூளைக்கு மண் கேட்டு வருகிறவருக்கு அந்த மூலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

மேட்டில் நடக்க நல்ல நேரம், உழவு ஓட்டிய பிறகு வரும் முதல் பெருமழை முடிந்த இரண்டாம் நாள் காலை. வெயில் சாய்வாக இருக்கும்போது ஓடும் செங்கல்லும் தனியாகத் தெரியும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கீழே கிடப்பது பெரியவர் கண்ணைவிட அவர்கள் கண்ணில் சீக்கிரம் படும். எதைக் கண்டாலும் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் காசை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள், அளவு தெரியும். இடக்குறிப்பையும் பதிவு செய்யுங்கள். ஓட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உறைகிணற்று வளையம் தெரிந்தால் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். மேலே நாலு கூடை மண் போட்டு மூடி, ஒரு கல்லை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, படத்தை வட்டாட்சியர் அலுவலகத்திலோ பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறையிலோ காட்டுங்கள். ஜேசிபிக்காரருக்கும் அந்தக் கல்லைக் காட்டிவிடுங்கள்.